அழாத ஐந்து அடிகள்



உங்களில் சிலர் இப்போது தமிழாசிரியர்கள். உங்களிடம் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாரி மகளிர் பாடிய புறநானூறு 112ஆம் பாட்டை நான் சரியாக நடத்தவில்லை. முல்லைக்குத் தேர் ஈந்தது, பறம்பு மலை, மூவேந்தர் முற்றுகை, கபிலர் நட்பு என்று கதை சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். பாட்டை மனப்பாடம் செய்து வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

இன்று என் கருத்து வேறு. அந்தப் பாட்டின் துயரம் கதையைவிட அதன் ஓசையில்தான் அதிகம் இருக்கிறது.

மொத்தமே ஐந்து அடி. முதல் அடியையும் மூன்றாம் அடியையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒரே அடிதான். அகரம் மட்டும் இகரமாகிறது. சேய்மைச்சுட்டு போய் அண்மைச்சுட்டு வருகிறது. அன்றைக்கும் அதே நிலா, இன்றைக்கும் அதே நிலா. ஓர் எழுத்து மாறுவதற்குள் எல்லாம் போய்விட்டது.

அடுத்து வரிசை. அன்றைய நாளைச் சொல்லும்போது தந்தை முதலில், குன்று பிறகு. இன்றைய நாளில் குன்று முதலில், தந்தை கடைசியில். சொல்லத் தாங்காததைத் தள்ளிப்போட்டு, கடைசிச் சொல்லில்தான் 'இல்லை' என்கிறார்கள்.

நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீராக வரும். இதை வெறும் விதியாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். இங்கே அந்த அடி, 'எங்கள்' என்று பொருள்படும் சொல்லோடு நின்றுவிடுகிறது. குன்று அடுத்த அடியில்தான் வருகிறது. வரும்போதே அது பிறர் கைக்குப் போய்விட்டது. நாற்சீருக்குப் பழகிய காதுக்கு, பேசிக்கொண்டிருந்தவருக்குத் தொண்டை அடைத்தது போல் இருக்கும்.

துறை கையறுநிலை. ஆனால் பாட்டில் அழுகை என்ற சொல்லே இல்லை. பகைவர்மீது ஒரு வசவும் இல்லை. வெற்றி முரசுடைய வேந்தர் என்றே சொல்கிறார்கள். இரங்கல் செய்திகளில் அடைமொழிகளை அடுக்கும் நாம் இதை யோசிக்க வேண்டும்.

கதை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், பிறகு. முதலில் பாட்டை இரண்டு முறை நிதானமாக வாசியுங்கள். பொருள் சொல்லாமல் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். "அவங்க அப்பாவுக்கு என்ன சார் ஆச்சு?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். அப்போது கதையைத் தொடங்குங்கள்.