கரீபியன் என்றால் கடல் மட்டுந்தானா?



கரீபியன் தீவு என்றதும் நமக்கு கடலும் கிரிக்கெட்டும்தான் ஞாபகம் வரும். ஆனால் அங்கே குளுகுளு மலையூரும் இருக்கு! டொமினிக்கன் குடியரசில் உள்ள ஹராபகோவா பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். பைன் மரக்காடு, அருவிகள்! ‘என்றும் வசந்த நகரம்’ என்பது அதன் செல்லப் பெயர்.

அங்கே யாக்கே டெல் நோர்ட்டே ஆற்றில், பாறைகளுக்கு நடுவே ரப்பர் படகில் துள்ளித் துள்ளிப் போகலாம். பிகோ துவார்ட்டே சிகரத்துக்கும் நடந்து ஏறலாம். சுமார் 3,100 மீட்டர். கரீபியனிலேயே உயரமான மலை. உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். மூட்டையைக் கோவேறு கழுதை சுமக்கும்.

“காசு குடுத்துத்தானே போறோம், எப்படி வேணா இருப்போம்” என்று சிலர் நினைக்கலாம். நான் அதை ஒத்துக்க மாட்டேன். அந்த ஆறு நமக்கு ஒரு மணி நேர விளையாட்டு. ஆனால் அது அந்த நாட்டின் மிக நீளமான ஆறு. மலையிலே பிறந்து, சாந்தியாகோ நகரம் வழியாக ஓடி, கீழே நெல் வயலுக்குப் பாய்கிறது. மேலே நாம் போடும் குப்பை கீழே யார் வீட்டுக்குப் போகும்?

ஏறும்போது நம்ம சாப்பாட்டைச் சுமந்த கழுதை, இறங்கும்போது காலி பாட்டிலைச் சுமக்காதா? தைரியமா மலை ஏறினால் மட்டும் போதாது. ஏறின தடம் தெரியாமல் இறங்கணும். அதுதான் உண்மையான சாகசம்.

சிந்திப்பீர்!

– 9-ஆம் வகுப்பு மாணவி