சதவீதப் பித்தலாட்டம்

தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக் கூலி 182 சதவீதம் உயர்ந்தது. கேரளத்தில் 146 சதவீதம்தான் உயர்ந்தது. இந்தக் கணக்கைக் காட்டி, “உங்களுக்கு இன்னும் என்ன குறை?” என்று கேட்கும் பேர்வழிகள் குழித்துறைப் பக்கத்திலும் உண்டு.

கணக்கு பொய்யா? பொய்யில்லை. அதுதான் இதில் உள்ள சூழ்ச்சி. பொய்க் கணக்கைக் கையோடு பிடித்துவிடலாம். இது சரியான கணக்கு. சரியான கணக்கை வைத்தே உழைப்பாளியின் வாயை அடைக்கிறார்கள்.

சங்க ஆபீசில் ஒரு தம்பியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து நாமே போட்டுப் பார்த்தோம். எக்செல் தாளில் முதல் கட்டத்தில் பழைய கூலி, அடுத்த கட்டத்தில் புதிய கூலி. புதியதிலிருந்து பழையதைக் கழி. மீதியைப் பழையதால் வகு. சதவீதக் குறியை அமுக்கு. அவ்வளவுதான். =(பி2-ஏ2)/ஏ2. எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் அடைப்புக்குறியை மறந்தால் மிஷின் முதலில் வகுத்துவிட்டுப் பிறகு கழிக்கும். தம்பி முதல் தடவை மறந்துவிட்டார். 119 ரூபாய் 336 ஆனதற்கு 33,500 சதவீத உயர்வு என்று வந்தது! மந்திரி யாரும் பார்க்காமல் போனது நல்லதாயிற்று.

அடைப்புக்குறியைப் போட்டதும் 182 வந்தது. இனி ரூபாயைப் பாருங்கள்.

2011 ஜனவரியில் அறிவித்த தினக்கூலி தமிழ்நாட்டில் 119 ரூபாய், கேரளத்தில் 150 ரூபாய். 2025 ஏப்ரலில் அறிவித்தது தமிழ்நாட்டில் 336, கேரளத்தில் 369. நமக்குக் கூடியது 217 ரூபாய். அவர்களுக்குக் கூடியது 219 ரூபாய். 182 சதவீதம் வாங்கியவனைவிட 146 சதவீதம் வாங்கியவன் கையில் இரண்டு ரூபாய் அதிகம்! 2011-ல் இரு கூலிக்கும் இடையே 31 ரூபாய் பள்ளம். 2025-ல் 33 ரூபாய். பந்தயத்தில் ஜெயித்ததாகச் சொல்லப்பட்டவன் பின்னால் நிற்கிறான்.

இது எப்படி நடக்கிறது? வகுக்கும் எண் சிறியதாக இருந்தால் சதவீதம் பெரியதாகத் தெரியும். பட்டினி கிடந்தவனுக்கு ஒரு கவளம் கொடுத்துவிட்டு, “உன் சாப்பாடு எத்தனை மடங்கு பெருகிவிட்டது பார்!” என்பதைப் போல. 2024-ல் நம் கூலி 294-லிருந்து 319 ஆனது, எட்டரை சதவீதம். கேரளத்தில் 333-லிருந்து 346. நான்கு சதவீதம்கூட இல்லை. அவர்களைப்போல் இருமடங்கு சதவீதம் நமக்கு. அப்படியும் 27 ரூபாய் குறைவு!

மேல்புறம், முஞ்சிறை ஒன்றியங்களில் மண்வெட்டி பிடிக்கும் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. களியக்காவிளை தாண்டினால் பாறசாலை. 1956 நவம்பர் 1-க்கு முன்பு இந்த விளவங்கோடு தாலுகாவும் அந்தப் பாறசாலையும் ஒரே ராஜ்யம். இன்றும் இரு பக்கமும் ஒரே மரச்சீனிக் கிழங்கு, ஒரே சாளை மீன். கணக்கை விளக்கியபோது ஓர் அக்கா கேட்டார்: “சதவீதத்தக் குடுத்தா மீன்காரன் சாளை தருவானா தோழரே?” அறிவிக்கும் கூலியே முழுசாகக் கைக்கு வருவதில்லை, வேலையை அளந்து வெட்டிவிடுகிறார்கள் என்பது அவருடைய அடுத்த புகார். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

இந்தச் சின்ன அடித்தொகை வானத்திலிருந்து விழவில்லை. 2009 ஜனவரி 1 முதல் மத்திய சர்க்கார் இந்தக் கூலியைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து பிரித்துத் தானே நிர்ணயிக்கத் தொடங்கியது. 2011-ல் விவசாயத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டெண்ணோடு கட்டியது. அந்தந்த மாநிலத்தில் விலை எத்தனை சதவீதம் ஏறியதோ, அத்தனை சதவீதம் அந்தந்த மாநிலத்தின் பழைய கூலியில் கூட்டுவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய கூலியே குறைவாக இருந்தால்? முதல் வருஷத்து அநியாயம் வருஷாவருஷம் வட்டியோடு தொடர்கிறது. விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்டியதற்கு ‘உயர்வு’ என்று பெயர் வேறு!

மில் தொழிலாளர்களுக்கும் ஒன்று. தினம் 500 ரூபாய்க் கூலியில் 20 சதவீதம் வெட்டினால் 400. பிறகு ‘பெரிய மனதோடு’ 20 சதவீதம் கூட்டினால் 480. வெட்டியபோது அடி 500. கூட்டியபோது அடி 400. இருபதுக்கு இருபது சரியாய்ப் போயிற்று என்று கையெழுத்துப் போட்டால் தினம் 20 ரூபாய் முதலாளி பெட்டிக்குள் போகிறது. எக்செல்லில் அடிக்கட்டத்தின் பெயருக்கு டாலர் குறி போட்டுப் பூட்டிவிட்டால், எத்தனை வரிசை கீழே இழுத்தாலும் அந்த 500 நகராது. (டாலர் உழைப்பாளிக்கு உதவும் இடம் இது ஒன்றுதான் போலிருக்கிறது!) பேச்சுவார்த்தை மேஜைக்குப் போகிற தோழர்கள் முதலில் இந்தக் கட்டத்தைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும்.

“கணக்கெல்லாம் குமாஸ்தா வேலை, நமக்குப் போராட்டம்தான்” என்று நம்மவர்களே சிலர் சொல்கிறார்கள். பம்பாயில் பஞ்சப்படி விலைவாசிக் குறியீட்டெண்ணோடு கட்டப்பட்டிருந்தது. அந்த எண்ணே தப்பு என்று தொழிலாளர்கள் கிளர்ந்தபோது, 1963-ல் லக்டாவாலா கமிட்டி அமைக்க நேர்ந்தது. விலை ஏற்றத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்பதைக் கமிட்டியே ஒப்புக்கொண்டது. அங்கே கணக்கும் போராட்டமும் ஒன்றாகவே நடந்தன.

2025 டிசம்பரில் பார்லிமெண்ட் நூறுநாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டத்தை நிறைவேற்றியது. நூறு நாள் 125 நாளாகிறது, அதாவது 25 சதவீத உயர்வு என்று பறை அறைகிறார்கள். நாள் இருக்கட்டும், கூலி எந்தத் தொகையிலிருந்து தொடங்கும்? பழைய 336-ஐயே அடிக்கட்டத்தில் வைத்து அதன்மேல் சதவீதம் கூட்டப் போகிறார்களா, அல்லது எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள கூலிக்கு முதலில் சமப்படுத்துவார்களா? அடுத்த கிராம சபையில் கேட்க வேண்டிய கேள்வி இது. பதிலைச் சதவீதத்தில் சொன்னால், ரூபாயில் சொல்லும்படி கேளுங்கள்.