பதினொண்ணோட நிறுத்திட்டார் சித்தப்பா!

போன வாரம் இந்தப் பக்கத்துக்கு மேட்டர் லேட்டாகத்தான் கொடுத்தேன். 'செமஸ்டர் பிஸி' என்று சும்மா அடித்துவிட்டேன். உண்மையைச் சொல்லிடறேன்... ராத்திரி மூணு மணிக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். லவ் ஃபெயிலியர் எல்லாம் இல்லை பாஸ். ஒரு நாவல் முடிஞ்சுபோச்சு. அவ்வளவுதான்!

சிரிக்காதீங்க. அது 14 பாகம் ஓடுற நாவல். ராபர்ட் ஜோர்டன் எழுதிய 'தி வீல் ஆஃப் டைம்'. முதல் பாகம் வந்தது 1990-ல். கடைசிப் பாகம் 'எ மெமரி ஆஃப் லைட்' வந்தது 2013 ஜனவரியில். நடுவுல 23 வருஷம்! ராண்ட் என்று ஒரு கிராமத்துப் பையன். உலகத்தைக் காப்பாற்றும் சக்தி அவனிடம் இருக்கு. ஆனால், அதே சக்தி அவனைப் பைத்தியமாக்கிவிடும். இதுதான் கதையின் முடிச்சு.

2021-ல் டி.வி. சீரிஸாக வந்தபோதுதான் எனக்கு இது தெரியும். (மூணு சீசனோடு அதை 2025-ல் நிறுத்திட்டாங்க, அது தனி சோகம்!) 'அடுத்து என்ன ஆகும்?' என்று நான் புலம்ப, சித்தப்பா பரண் மேலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே 11 புத்தகம். காலேஜ் நாளிலிருந்து ஒவ்வொண்ணாகக் காத்திருந்து வாங்கினதாம்.

''மீதி மூணு எங்கே சித்தப்பா?''

''நான் வாங்கலைடா.''

காரணத்தை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஜோர்டன் நம்ம ஆளு பாஸ்... பிசிக்ஸ் படித்துவிட்டு, அமெரிக்கக் கடற்படைக்கு நியூக்ளியர் இன்ஜினீயராக வேலை பார்த்தவர். 11-ம் பாகம் 2005-ல் வந்தது. 'இன்னும் ஒரே ஒரு பாகம்' என்று சொல்லியிருந்தார். 2006-ல் அவருக்கு இதயத்தைத் தாக்கும் அபூர்வ நோய் என்று தெரிந்தது. 2007 செப்டம்பர் 16-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். வயது 58.

அவரது மனைவி ஹேரியட்தான் அவருடைய எடிட்டரும். ஜோர்டனுக்கு பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர் எழுதிய அஞ்சலி அவர் கண்ணில் பட்டது. சின்ன வயதிலிருந்தே இந்தக் கதைக்கு ரசிகர் அவர். ஜோர்டன் விட்டுப்போன குறிப்புகளை எல்லாம் அவர் கையில் கொடுத்து முடிக்கச் சொன்னார் ஹேரியட். எழுத எழுத வளர்ந்து, ஒரு புத்தகம் மூணு புத்தகமாச்சு!

சித்தப்பா மட்டும் அசையலை. ''அவர் போயிட்டார்டா. இன்னொருத்தர் எழுதினா அது ஒட்டாது. தவிர, நான் படிச்சு முடிக்காதவரைக்கும் ராண்ட் உசிரோட எங்கேயோ நடந்துட்டே இருப்பான்ல?''

'ஓவர் சென்டிமென்ட்' என்று அப்போ கலாய்த்தேன். 12-ம் பாகத்தைத் தொடங்கியதும் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் தெரிந்தது. ராண்டின் தோஸ்த் மாட், செம ஜாலி கேரக்டர். அவன் ஜோக் எல்லாம் திடீர்னு வேற யாரோ அடிக்கிற மாதிரி இருந்தது. (மாட் சரியாக வரவில்லை என்று சாண்டர்சனே பிற்பாடு ஒத்துக்கொண்டார்.) ஆனால், போகப் போக சூடு பிடித்துவிட்டது.

14-ல் கடைசிப் போர் ஒரே அத்தியாயம்... சுமார் 200 பக்கம்! அன்னிக்கு மெஸ்ஸுக்குப் போகலை. நாலு வருஷமாக என்கூடப் பழகினவங்க ஒவ்வொருத்தராக விழ, ரூம்மேட் பயந்துபோய் 'வீட்ல யாருக்காவது ஏதாவதா மச்சான்?' என்று கேட்டான். மிச்சம் கொஞ்சம் பக்கம்தான். மூணு நாள் புத்தகத்தைத் தொடவே இல்லை. அப்பத்தான் உறைச்சது... சித்தப்பா 2007-லிருந்து செய்றதைத்தான் நானும் செஞ்சுட்டு இருந்தேன்!

நாலாவது நாள் ராத்திரி மாடிக்குப் போய் முடித்தேன். அந்தக் கடைசிக் காட்சியை எழுதினது சாண்டர்சன் இல்லை. சாவதற்கு முன்பே ஜோர்டன் எழுதி வைத்துவிட்டுப் போனது. அச்சில் பார்க்க மாட்டோம் என்று தெரிந்தும், நமக்காக ஒருத்தர் உட்கார்ந்து முடிவை எழுதியிருக்கார். அதை நினைத்தபோதுதான் உடைஞ்சுட்டேன். நாம படிக்காம மூடி வைத்தால், அவர் கொடுத்ததை வாங்கிக்காத மாதிரிதானே?

விடிஞ்சதும் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். ''கடைசியில் இருக்கிறது அவரோட எழுத்துதான் சித்தப்பா. உங்களுக்காக எழுதி வெச்சுட்டுத்தான் போயிருக்கார்.''

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ''அந்த மூணையும் கூரியர்ல அனுப்பு'' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு அவரே கூப்பிட்டார். ''ஏண்டா, இந்த மாட் ஒரு மாதிரி இருக்கானே?''

''பொறுங்க சித்தப்பா. சரியாயிடுவான்.''

''ராண்ட்?''

''அதை மட்டும் கேட்காதீங்க'' என்று கட் பண்ணிவிட்டேன். பதினெட்டு வருஷம் பொறுத்தவர், இன்னும் ரெண்டரை புத்தகம் பொறுக்க மாட்டாரா என்ன?