நாம் கைகழுவிய நம் ஊர்க்காரர்கள்

இலங்கைத் தமிழர் முகாம்கள் என்று பேச்செடுத்தால் தமிழ்நாட்டில் நமக்கெல்லாம் நெஞ்சு விம்முகிறது. மேடை போடுகிறோம், தீர்மானம் நிறைவேற்றுகிறோம். அந்த முகாம்களில் இருப்பவர்கள் யார் யார் என்று மட்டும் விசாரித்ததில்லை. விசாரித்திருந்தால், அவர்களில் ஆயிரக்கணக்கானோர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணிகள் இலங்கை மலைத்தோட்டங்களுக்கு அழைத்துப்போன குடும்பங்களின் வாரிசுகள் என்பது தெரிந்திருக்கும். அவர்களில் பலரை இன்றுவரை எந்த நாடும் தன் குடிமக்களாக ஏற்கவில்லை. இதில் டில்லிக்கும் கொழும்புக்கும் உள்ள பொறுப்பைப் பலர் எழுதிவிட்டார்கள். நம் பொறுப்பை நாம்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளையர் ஆட்சியில் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே முடியின் குடிகள். 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தகப்பனோ, அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டக் குடியிருப்பான லயத்தில் பிறந்து லயத்திலேயே மடிந்தவர்களிடம் அந்தக் காகிதம் ஏது? பல லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அன்றும் நாம் அதை நம் வீட்டுக் காரியமாக நினைக்கவில்லை.

1984-இல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமைக்கு மனு கொடுத்துக் காத்திருந்தவர்கள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். ஏற்கெனவே 1977 கலவரத்தில் தோட்டங்களை விட்டு வடக்கே வன்னிக்கு ஓடியிருந்த பலர், போர் மூண்டபின் படகேறி மண்டபம் வந்தார்கள். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய காலத்தில் அவர்களுடைய பாட்டன்மாரைத் தடுத்துவைத்துச் சோதித்ததும் இதே மண்டபத்தில்தான். ஊர் திரும்பியவர்களை அகதிகள் என்று பதிந்தோம். அதோடு நம் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம்.

பொறியியல் படித்து முடித்த முகாம் பையன் நம் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறான். அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அவனால் மனுப்போட முடியாது. வெளியூர் வேலைக்குப் போனாலும் மாதாந்தரக் கணக்கெடுப்பு நாளில் முகாமில் தலையைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். கூலியைக் கொடுத்தோம், வேலை சுத்தம் என்றோம். ‘தம்பி, உனக்கு ஓட்டு எங்கே?’ என்று நாம் கேட்டதில்லை.

1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப்பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்றானது. 2004 டிசம்பரிலிருந்து விதி இன்னும் இறுகியது. முகாமில் பிறந்த பிள்ளைகள் இந்த வாசலில்தான் நிற்கிறார்கள். 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இந்த இந்திய வம்சாவளியினரின் மனுக்களைப் பரிவோடு பரிசீலித்து 16 வாரத்தில் முடிவெடுக்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளை மட்டும் குறித்தது. இலங்கை அதில் இல்லை. நாம் எதிர்ப்புத் தெரிவித்தோம், பிறகு வேறு செய்திக்குத் தாவிவிட்டோம். 2021-இல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, புது வீடுகளையும் அறிவித்தது. வீடு நல்லதுதான். ஆனால் குடியுரிமை இல்லாதவனுக்கு அந்த வீட்டிலும் அகதி என்ற பெயர்தானே?

இனியாவது செய்ய வேண்டியது உண்டு. பாட்டன் பிறந்த ஊருக்கான ஆதாரம் நம் தாலுகா அலுவலகங்களிலும் பழைய பள்ளிப் பதிவேடுகளிலும் கோயில் வரிக்கணக்கிலும் கிடக்கலாம்; தேடிக்கொடுக்க ஊர்க்காரர்கள் முன்வர வேண்டும். வழக்கறிஞர்கள் முகாமுக்குப் போய் மனு எழுதிக்கொடுக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும், முகாமில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைக்கு எப்போது ஓட்டு என்று கேளுங்கள்.