ஒரு தரம் அளந்தால் போதுமா?



எங்கப்பா கைநாட்டு. பென்னாகரம் பக்கம் புளி உலுக்கி விற்பவர். மண்டியில் மூட்டையைத் தராசில் ஏற்றியதும், "இறக்கி இன்னொருக்கா போடுங்க சாமி" என்பார். இரண்டு எடையும் ஒத்து வந்தால்தான் காசு வாங்குவார். நானோ, லேபில் ஒரே ஷாஃப்டை மைக்ரோமீட்டரால் மூன்று தடவை அளந்து, மூன்று அளவு வந்ததும், பக்கத்துப் பையன் ரெக்கார்டைப் பார்த்து ஒரே அளவாக எழுதியவன்! நம்மில் யார்தான் எழுதவில்லை?

இது சின்ன விஷயமா? 2004-ல் நம் மாவட்டத்திலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரிக்கு அடுத்தது கோலார் மாவட்டம். அங்கே சீனிவாசபுரம் தாலுகா கிராமங்களில், 45 வயதைத் தாண்டியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதிக்கிறது, பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம். எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கிறார்கள். மறதி நோய் எப்படி வருகிறது என்று அறியத்தான்.

ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, முதுமையில் ஆண்டுக்குச் சுமார் 1 முதல் 2 சதவீதம் சுருங்கும்; அல்சைமர் நோயில் 4 அல்லது 5 சதவீதம். அளப்பதிலேயே 3 சதவீதம் முன்பின் இருந்தால், சுருங்கியது மூளையா, பிசகியது அளவா? தலை அசைந்தாலும், மெஷினை மாற்றினாலும் கணக்கு மாறும். அதனால்தான் ஒரே ஆளைச் சில நாளுக்குள் இரண்டு முறை படமெடுத்து ஒப்பிடுகிறார்கள். அதற்குள் மூளை மாறியிருக்காது. வரும் வித்தியாசம் அளவினுடையது. இந்த ஒப்புமைக்கு முழு மதிப்பெண் 1. மூளையின் பருமன் அளவுகள் பெரும்பாலும் 0.9-ஐத் தொடும். ஏதாவது வேலை கொடுத்து மூளை இயங்குவதைப் படமெடுக்கும் முறைக்கோ, பல ஆய்வுகளைத் திரட்டி 2020-ல் வெளியான கணக்கு சுமார் 0.4 தான்!

ஒத்து வந்தாலே சரி என்றும் ஆகாது. ஜீரோ எரர் உள்ள வெர்னியர் எத்தனை தடவை வைத்தாலும் ஒரே தப்பைத்தான் சொல்லும்.

எங்க ஆயா இப்போது என்னையே "யாருப்பா நீ?" என்கிறாள். கடன் வாங்கி ஸ்கேன் எடுத்தோம். ஆறு மாதம் கழித்து வேறிடத்தில், வேறு மெஷினில் இன்னொன்று. "இந்த இரண்டையும் வைத்து எவ்வளவு சுருங்கியது என்று சொல்ல முடியாதுப்பா" என்றார் டாக்டர். அப்பா ஒன்றும் பேசவில்லை. தராசு மாறினால் எடை மாறும் என்பது அவருக்குத் தெரியாததா?

புது மெஷின் வாங்கினால் ரிப்பன் வெட்டுகிறோம். அது நேற்றும் இன்றும் ஒரே பதில் சொல்கிறதா என்று பார்க்கவும் ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும் என்பதே என் வாதம். நாளை அந்த மெஷின்களுக்குப் பக்கத்தில் நிற்கப் போவது நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள்தான். மூன்று அளவு வந்தால் மூன்றையும் எழுதுவோம். மார்க் குறைந்தால் குறையட்டும்!

சிந்திப்போமா நண்பர்களே?

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்