நாலாவது ஆளுக்கும் இடம்

2025ம் ஆண்டு ஜூன் 9ம் தேதி, திங்கள்கிழமை. காலை ஒன்பது மணியளவில், மும்பைக்கு வடகிழக்கே திவா, மும்ப்ரா ஆகிய நிலையங்களுக்கு இடையே உள்ள வளைவில் இரண்டு மின்சார இரயில்கள் எதிரெதிர்த் திசைகளில் ஒன்றையொன்று கடந்து சென்றன. வண்டிகள் மோதிக்கொள்ளவில்லை, தடம் புரளவும் இல்லை. ஆனால், இரண்டிலும் உள்ளே கால் வைக்க இடமின்றி, வாசற்படிகளில் மக்கள் தொங்கிக்கொண்டு வந்தனர். அவ்வாறு தொங்கியவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் தண்டவாளங்களின் மேல் விழுந்தனர். குறைந்தது நான்கு பேர் இறந்தனர். அவர்கள் முதுகில் மாட்டியிருந்த பைகள் உரசியதால் விழுந்தார்களா, பாதையின் குறையா என்ற வாதங்கள் அதன் பிறகு நெடுநாள் நடந்தன.

மூன்று நாள்கள் கழித்து, ஜூன் 12ம் தேதி, அகமதாபாத்தில் விமானம் ஒன்று விழுந்து 260 பேர் உயிரிழந்தனர். உலகமே அதிர்ந்தது, அதிர வேண்டியதுதான். ஆனால், அன்பு வாசகர்களே, இன்னொரு கணக்கையும் பாருங்கள். மும்பைப் புறநகர் இரயில் பாதைகளில் 2023ம் ஆண்டில் மட்டும் இறந்தவர்கள் 2,590 பேர். நாளொன்றுக்கு ஏழு பேர். அகமதாபாத் விபத்தைப் போல் பத்து விபத்துகள் ஒரே ஆண்டில் நடந்ததற்குச் சமம் இது. இருபது ஆண்டுகளில் இறந்தோர் எண்ணிக்கை 51 ஆயிரத்தைத் தாண்டியது என்று இரயில்வே துறையே நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இறந்தால் அது தலைப்புச் செய்தி. தனித்தனியாக, தினமும் இறந்தால் அது புள்ளிவிவரம். இந்த வாரம் அந்தப் புள்ளிவிவரத்தைச் சற்று நின்று சிந்திப்போம்.

இந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது இதே தடத்தில்தான். 1853ம் ஆண்டு ஏப்ரல் 16ம் தேதி, போரிபந்தரிலிருந்து தாணே வரை, 34 கிலோமீட்டர். இந்தியாவின் முதல் மின்சார இரயிலும் இந்நகரில்தான், 1925ம் ஆண்டு பிப்ரவரி 3ம் தேதி, விக்டோரியா நிலையத்திலிருந்து குர்லா வரை ஓடியது. இன்று மேற்கு வழி, மத்திய வழி, துறைமுக வழி என்று பிரிந்து, நாளொன்றுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முறை வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் பயணம் செய்வோர் தினமும் ஏறக்குறைய 75 இலட்சம் பேர். ஒரு சிறிய நாட்டின் மக்கள்தொகை ஒவ்வொரு நாளும் இரயில் ஏறி இறங்குகிறது.

ஒன்பது பெட்டிகள் கொண்ட ஒரு வண்டி ஏறக்குறைய 1,700 பேரை ஏற்றும் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது. நெரிசல் வேளையில் அதில் 4,500 பேர் வரை ஏறினார்கள். பின்னர் பெட்டிகள் பன்னிரண்டு ஆயின. கூட்டமும் கூடவே வளர்ந்தது. இந்த நிலையைக் குறிக்க இரயில்வே பொறியாளர்கள் தனியாக ஒரு சொற்றொடரே வைத்திருக்கிறார்கள்: 'மிக மிக அடர்ந்த நசுக்கும் சுமை'. ஒரு சதுர மீட்டர் இடத்தில் 14 முதல் 16 பேர் நிற்பதே அதன் பொருள். உங்கள் வீட்டில் தரையில் பாய் விரித்து, அதில் பாதிக்குச் சற்று மேலாக அளந்து, அதற்குள் பதினான்கு பேரை நிற்கவைத்துப் பாருங்கள். அதுதான் தினமும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் அவர்கள் வாழும் வாழ்க்கை. மூச்சுவிட இடம் வேண்டியே பலர் வாசலுக்கு வருகிறார்கள். வாசலில் தொங்குவோரை வீரம் காட்டும் இளைஞர்கள் என்று எண்ணி விடுகிறோம். சிலர் அப்படியும் இருக்கலாம். பெரும்பாலோருக்கு வேறு இடம் இல்லை. அப்படி விழுந்து இறப்பவரின் குடும்பத்துக்கு, 'அவருடைய கவனக்குறைவுதான் காரணம்' என்று சொல்லி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியிருக்கிறது. 2024ம் ஆண்டு, பயணிகள் இறப்பு பற்றிய பொதுநல வழக்கு ஒன்றை விசாரித்தபோது, மக்கள் கால்நடைகளைப்போல ஏற்றிச் செல்லப்படுவது வெட்கத்துக்குரியது என்றும் அதே நீதிமன்றம் வேதனை தெரிவித்தது.

வண்டிகளைக் கூட்டினால் என்ன? எல்லாரும் கேட்கும் கேள்வி இது. ஒரு தண்டவாளத்தில் ஒரு வண்டிக்குப் பின் அடுத்த வண்டி வர மூன்று அல்லது நான்கு நிமிட இடைவெளி வேண்டும். அப்படியானால் மணிக்கு 15 முதல் 20 வண்டிகள்தான் ஓட முடியும். அந்த எல்லையை மும்பை எப்போதோ தொட்டுவிட்டது. இடைவெளியைக் குறைக்கப் புதிய சமிக்ஞை முறை வேண்டும். பெட்டிகளைக் கூட்ட நீண்ட நடைமேடைகள் வேண்டும். பதினைந்து பெட்டி வண்டி 2009ம் ஆண்டு மேற்கு வழியிலும், 2012ம் ஆண்டு மத்திய வழியிலும் ஓடத் தொடங்கியது. ஆனால், நெருக்கமான பழைய நகரில் நடைமேடைகளை நீட்ட இடம் கிடைக்காததால் அவை சிலவாகவே நின்றுவிட்டன. வெளியூர் வண்டிகளும் இதே தடங்களில்தான் வந்து போகின்றன. அவற்றைப் பிரிப்பதற்காகத் தாணேவுக்கும் திவாவுக்கும் இடையே ஐந்தாவது, ஆறாவது பாதைகள் 2022ம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டன. நகர இரயில் வளர்ச்சிக்கென்றே தனி நிறுவனம் 1999ம் ஆண்டு தொடங்கப்பட்டதை நினைத்தால், அந்தச் சில கிலோமீட்டருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது புரியும்.

சிக்கலின் வேர் தண்டவாளத்தில் மட்டும் இல்லை. மும்பை, கடலுக்குள் நீண்ட ஒரு விரலைப்போன்ற நிலம். வேலை தெற்கே, வீடு வடக்கே. காலையில் எல்லாரும் தெற்கே செல்ல வேண்டும், மாலையில் எல்லாரும் வடக்கே திரும்ப வேண்டும். நகருக்குள் வீட்டு வாடகை ஏற ஏற, உழைப்போர் விரார், கல்யாண், பத்லாபூர் என்று தள்ளிப் போனார்கள். முன்னாளில் பரேல், லோயர் பரேல் பகுதிகளில் பஞ்சாலைகள் இருந்தன. தொழிலாளர்கள் அவற்றின் அருகிலேயே சால் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். 1982ம் ஆண்டு தொடங்கிய நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்த நிலங்களில் உயரமான அலுவலகங்களும் அங்காடிகளும் எழுந்தன. அங்கே வேலை செய்வோர் அருகில் வாழவில்லை, இரயிலில் வருகிறார்கள். நிலையம் மட்டும் ஆலைக்காலத்து நிலையமாகவே இருந்தது.

அதன் விலை 2017ம் ஆண்டு செப்டம்பர் 29ம் தேதி தெரிந்தது. அப்போது எல்பின்ஸ்டன் ரோடு என்று அழைக்கப்பட்ட, இப்போது பிரபாதேவி எனப்படும் நிலையத்தின் குறுகிய நடைபாலத்தில், திடீர் மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டத்தின்மேல், இரயில்களிலிருந்து இறங்கிய கூட்டமும் வந்து சேர்ந்தது. நெரிசலில் 23 பேர் மூச்சுத்திணறியும் மிதிபட்டும் இறந்தனர். 'பூ விழுந்தது' என்று யாரோ இந்தியில் கத்தியது, 'பாலம் விழுந்தது' என்று மற்றவர்களுக்குக் கேட்டதாக அப்போது பேசப்பட்டது. அதற்கு அகலமான புதிய பாலம் வேண்டும் என்று மக்கள் முன்பே கேட்டிருந்தார்கள், ஒப்புதலும் கிடைத்திருந்தது. வேலைதான் தொடங்கவில்லை. இறப்புகளுக்குப் பின் இராணுவப் பொறியாளர்கள் அழைக்கப்பட்டார்கள். 2018ம் ஆண்டு பிப்ரவரி முடிவதற்குள் புதிய நடைபாலம் திறக்கப்பட்டுவிட்டது. சில மாதங்களில் கட்டக்கூடிய ஒரு பாலம், 23 பேர் சாகும்வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது? நம் ஊர்களிலும் கேட்கவேண்டிய கேள்வி இது.

மும்ப்ரா விபத்துக்குப் பிறகு, இனிவரும் புறநகர் வண்டிகளுக்குத் தானாக மூடும் கதவுகள் இருக்கும் என்று இரயில்வே வாரியம் அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால், குளிர்சாதனம் இல்லாத பெட்டியில் இத்தனை பேரை அடைத்துக் கதவையும் மூடினால் காற்றுக்கு என்ன வழி? எனவே காற்றோட்டம் உள்ள புதிய வடிவம் தேவைப்பட்டது. கதவு மூடாதவரை வண்டி கிளம்பாது. அப்படியானால் ஒவ்வொரு நிலையத்திலும் கூடுதல் நொடிகள் நிற்க வேண்டும். நொடிகள் சேர்ந்து நிமிடங்களாகும். வண்டிகளின் எண்ணிக்கை குறையும். பாதுகாப்பும் கொள்ளளவும் இப்படி ஒன்றையொன்று இழுக்கின்றன. இதைச் சொல்வது, கதவு வேண்டாம் என்பதற்காக அன்று. கதவு மட்டும் போதாது என்பதற்காக.

குளிர்சாதன வண்டிகள் 2017ம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று ஓடத் தொடங்கின. அவற்றின் கதவுகள் மூடியிருப்பதால் யாரும் விழுவதில்லை. ஆனால், கட்டணம் பல மடங்கு. சாதாரண வகுப்பில் ஐந்து ரூபாய்க்கும் பயணச்சீட்டு கிடைக்கும் நகரில், அந்த வித்தியாசம் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், கட்டட வேலைக்குப் போகும் இளைஞருக்கும் சிறியது அன்று. 2022ம் ஆண்டு ஆகஸ்டில், சாதாரண வண்டிகளின் நேரங்களில் குளிர்சாதன வண்டிகள் விடப்பட்டபோது, கல்வாவிலும் பத்லாபூரிலும் மக்கள் போராடினார்கள். மத்திய இரயில்வே அந்தப் பத்துச் சேவைகளைத் திரும்பப் பெற்றது. அவர்கள் வசதிக்கு எதிரிகள் இல்லை. ஒரே தண்டவாளத்தில் ஒரு வண்டி சேர்ந்தால் இன்னொரு வண்டி போகும் என்பது அவர்களுக்குப் பட்டறிவு. உயிர்ப் பாதுகாப்பு, பணம் உள்ளவருக்குக் கிடைக்கும் சலுகையாக ஆகிவிடக்கூடாது என்பதே அதில் அடங்கியிருந்த நியாயம்.

இந்தக் கூட்டத்தில் நம்மவர்களும் இருக்கிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சென்று தாராவியில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோர், சயான், மாகிம் நிலையங்களில்தான் ஏறுகிறார்கள். புதன்கிழமைகளில் மாகிம் புனித மிக்கேல் ஆலயத்தின் நவநாளுக்கு, கையில் மெழுகுதிரியோடு அதே வண்டிகளில் வந்து இறங்கும் பல்சமய மக்களையும் காணலாம். பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்குச் செல்லும் புற்றுநோயாளிகள், மாற்றுத்திறனாளிகளுக்கான சிறு பெட்டியைத் தேடி நடைமேடையில் ஓடுவதையும் காணலாம். வலிமையுள்ளவர் முண்டியடித்து ஏறிவிடுவார். ஏற முடியாதவர் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார். அதற்கும் அடுத்த வண்டிக்கும். நெரிசல் எல்லாரையும் சமமாக நசுக்குவதில்லை.

2006ம் ஆண்டு ஜூலை 11ம் தேதி மேற்கு வழி இரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறுநாள் காலை அதே வண்டிகளில் மக்கள் வேலைக்குச் சென்றனர். 'மும்பையின் மன உறுதி' என்று ஊடகங்கள் புகழ்ந்தன. உறுதி உண்மைதான். ஆனால், ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் கூலி போய்விடும் என்பதும் உண்மைதானே? பொறுமையைப் புகழ்ந்துகொண்டே, பொறுத்துக்கொள்ள வேண்டிய நிலையை மாற்றாமல் விடுவது எளிது. மனித மாண்பைப் பற்றிப் பேசும் நாம் இந்தப் புகழ்ச்சியில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வழிகள் இல்லாமல் இல்லை. 2025ம் ஆண்டு அக்டோபரில், கஃப் பரேடு வரை முழுமையாகத் திறக்கப்பட்ட சுரங்க மெட்ரோ, நகரின் தென்முனைக்கு இன்னொரு பாதையைத் தந்தது. அலுவலகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்காமல், சில எட்டு மணிக்கும் சில பதினொரு மணிக்கும் தொடங்கினால் நெரிசல் பரவலாகும் என்று மத்திய இரயில்வே 2023ம் ஆண்டே வேண்டுகோள் விடுத்தது. இதற்குப் புதுத் தண்டவாளம் வேண்டாம், கோடிகள் வேண்டாம். முதலாளிகளும் மேலாளர்களும் மனம் வைத்தால் போதும். பத்து நிமிடம் தாமதமாக வந்த ஊழியருக்கு அரைநாள் சம்பளத்தைப் பிடிக்கும் அலுவலகமும் அந்த வாசற்படி மரணங்களில் பங்காளிதான். பள்ளிகளோ, மருத்துவமனைகளோ, கடைகளோ நடத்துபவர்கள் நம்மிலும் இருக்கிறோம். நம்மிடம் வேலை செய்பவர் எப்படி வந்து சேர்கிறார் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

மும்பை இரயில்களில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. மூன்று பேர் அமரும் பலகையில், நான்காவதாக ஒருவர் வந்து நின்றால், மூவரும் சற்று ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அவருக்குக் கிடைப்பது அரை இருக்கைதான்; ஒரு கால் நடைபாதையில்தான் இருக்கும். ஆனாலும், அது அவருக்கு உரியது. யாரும் பெயர் கேட்பதில்லை; மொழி, சாதி, சமயம் கேட்பதில்லை. நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள், தமக்கே போதாத இடத்தில் இன்னொருவருக்கு இடம் தருகிறார்கள்.

இடமே இல்லாதவர்கள் இடம் தருகிறார்கள் என்றால், இடமும் பணமும் அதிகாரமும் உள்ளவர்கள் எவ்வளவு தர முடியும்? நகரைத் திட்டமிடுவோர், நிதியை ஒதுக்குவோர், வேலை நேரத்தை முடிவுசெய்வோர் அனைவரும் சற்று நகர்ந்து அமர்ந்தால், நாளை காலை வீட்டைவிட்டுக் கிளம்பும் ஏழு பேர் மாலையில் வீடு திரும்புவார்கள். அவர்களுக்காக நாமும் கேட்போம். நம் பங்குக்கு நாமும் நகர்ந்து கொடுப்போம்.