கார்பாச்சியோ செய்யலாம், பச்சையாக வேண்டாம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மிளகும் கடுகும் வாங்குகிற நம்மவர் வீடுகளிலும் இப்போது கார்பாச்சியோ பேச்சு. (பிள்ளைகள் யூட்யூப் பார்க்கிறார்கள், வேறென்ன!) பச்சை மாட்டுக்கறியைக் காகிதம் போலச் சீவி, மயோனைஸ் சாஸைக் கோடு கோடாக ஊற்றி, சாப்பாட்டுக்கு முன் கொடுப்பது. வெனிஸ் ஹாரிஸ் பாரில் ஜுஸெப்பே சிப்ரியானி 1950-ல் செய்தாராம், சமைத்த இறைச்சி கூடாதென்று டாக்டர் சொன்ன ஒரு சீமாட்டிக்காக. கறியின் சிவப்பு ஓவியர் கார்பாச்சியோவை ஞாபகப்படுத்த, அவர் பெயரே வந்துவிட்டது.

நல்ல கதைதான். ஆனால் நம் ஊர்க் கடைக்காரர் வெட்டுவது உலர்த்தியதற்கும் குழம்புக்கும். எல்லாக் கறிக்கும் ஒரே கத்தி, ஒரே மரக்கட்டை. கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். சீவச் சீவ எல்லாத் துண்டுக்கும் பரவிவிடும். ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும் என்பார்கள். கடுங்குளிர் நாடாப்புழுவைக் கொல்லும், ஈ-கோலை பிழைத்துக்கொள்ளும். எலுமிச்சை நிறத்தை மாற்றும், அவ்வளவே. 2023 ஜனவரியில் கேரள அரசு பச்சை முட்டை மயோனைஸையே தடை செய்தது. பச்சைக் கறிக்கு மட்டும் நாம் ஏன் கியாரண்டி கையெழுத்துப் போட வேண்டும்?

இந்தப் பண்டத்தின் ருசி மெல்லிசிலும் புளிப்பிலும் இருக்கிறது என்பது என் கட்சி. அண்டர்கட் கால் கிலோ, நாலு பேருக்குப் போதும். உப்பு, மிளகு தடவி, சட்டியில் நாலு பக்கமும் சிவக்கவிட்டு, உள்ளே சிவப்பு மறையும்வரை மூடிச் சிறுதீயில் வேகட்டும். ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம். குளிர்ந்த கறிதான் மெல்லிசாகச் சீவ வரும். கெட்டித்தயிர், அரைத்த கடுகு, எலுமிச்சைச் சாறு கலந்து மேலே ஊற்றி, சின்ன வெங்காயம் தூவுங்கள். கொஞ்சம் தேங்காய்க்கொத்தும் வறுத்துப் போடலாம். இத்தாலிக்காரர் கோபித்தால் கோபிக்கட்டும்.